செத்த காலேஜ் நடத்திய எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. கடையையும் தறியையும் ஒருநாள் நிறுத்திவிட்டு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களை நானும் எத்தனையோ காரியங்களில் வாங்கியிருக்கிறேன். முன்பக்கம் படம் இருக்கும், பின்பக்கம் குடும்பத்தார் பெயர்கள் இருக்கும். நடுவிலுள்ள கட்டுரையை யாரும் படிப்பதில்லை. இலை போடுகிற வரை விசிறிக்கொள்வதற்குத்தான் மலர் பயன்படும். இந்த ஒருமுறை மட்டும் படித்துவிட்டு விசிறிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் உங்களில் பலர் வருகிறீர்கள். யார் பெயரையும் போடவில்லை.

உடன்பிறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெருமையாக எழுதுவார்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். பேனாவை எடுத்தபோதெல்லாம் வெட்கம்தான் முதலில் வந்தது. அதை மறைத்துவிட்டு எழுதினால் அக்காவைப் பற்றி எழுதியதாகாது. அதனால் வந்ததை வந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா ஆரணியில்தான் பிறந்தார். அப்பா கூலிக்கு நெய்தவர். அம்மா தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றினார். நாங்கள் இருவரும் பெண்கள். அக்காவுக்கும் எனக்கும் வயது இடைவெளி அதிகம் என்பதால் அவர் எனக்குப் பாதி அம்மா. நான் பேரன் எடுத்த பிறகும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். பள்ளி இறுதி முடித்த கையோடு அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அப்பா அதற்குப் பிறகு வெகுநாள் இருக்கவில்லை. வீட்டைச் சுமந்தது அக்காதான்.

அந்தக் காலத்தில் போனை எடுத்தால் நேராக எதிர்முனை வராது. ஆபரேட்டர் வருவார். பெங்களூரில் பட்டு நூல் என்ன விலை என்று கேட்க வேண்டுமானால் டிரங்க் கால் போட்டுக் காத்திருக்க வேண்டும். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பலகை முழுக்க இருக்கும் துளைகளில் கயிறுகளைச் செருகி அக்கா இணைப்புக் கொடுப்பார். "லைன்ல இருங்க" என்று அவர் சொன்னால் ஊரிலுள்ள பெரிய மனிதர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். குரலை வைத்தே ஆளைச் சொல்லுவார். போன் அக்கா என்றுதான் ஊரில் பெயர்.

பகலில் போன் அக்கா என்றவர்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது வேறு மாதிரி பேசினார்கள். நைட் டியூட்டி பார்க்கிற பெண், இரவெல்லாம் ஆண்களோடு பேசுகிற பெண். வந்த வரன்களெல்லாம் இதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போயின. வேலையை விட்டுவிடச் சொல்லி அம்மா அழுதார். விட்டால் யார் சோறு போடுவது என்று கேட்டார் அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் எனக்குக் கடைத்தெருவில் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிற பெரிய இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பெங்களூர் லைன் ஜல்தியாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் உன் மாமனார் உன்னை எடுத்தார் என்று அக்கா கேலி செய்வார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

தொண்ணூறுகள் பிறந்த சமயத்தில் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஆபரேட்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அக்காவை வேறொரு மேசைக்கு மாற்றினார்கள். அவர் வேலை பார்த்த பலகையைக் கழித்துக்கட்டி ஏலம் விட்டார்கள். அது காயலான்கடைக்குப் போனது. அக்கா அந்தக் கடைக்காரரிடம் போய் அதை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக் கடைத்தெரு வழியாகக் கொண்டுவந்தார். வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். எங்கள் கடை வாசலில் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டம் நின்றிருந்தது. உன் அக்காவுக்கு என்ன ஆச்சு என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அந்தப் பலகைதான் அக்காவின் அருங்காட்சியகத்துக்கு வந்த முதல் பொருள்.

அருங்காட்சியகம் வைக்கப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. ராஜாவுடைய வாளும் கிரீடமும் இருந்தால்தானே அருங்காட்சியகம் என்று கேட்டார்கள். ராஜா வாளைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது, பக்கத்திலே திருமலையில் சமணர் கற்களுக்கும் காவலாள் இருக்கிறார், நம்ம ஊர்க்காரன் கையில் பிடித்ததைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றார் அக்கா. ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான சாயப்பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. தங்களுக்குத் தேவைப்படும் வரை வைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். சுவரெல்லாம் சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் ஏறியிருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லை. வாசலில் 'நம்ம ஊர் அருங்காட்சியகம்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்.

அடுத்து பொருள் கேட்டுத் தெருத்தெருவாகப் போனார். இங்கேதான் ஒரு சொல் குறுக்கே வந்து நின்றது. பட்ணத்தில் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்லுவார்கள். சேலை மூட்டையோடு பட்ணத்துக்குப் போய்வந்த நம் ஆட்கள் அந்தப் பெயரையும் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா மாட்டிய பெயர்ப்பலகையை யாரும் படிக்கவில்லை. செத்த காலேஜ் என்றே சொன்னார்கள். ஒரு வீட்டில் பெரியவர் பயன்படுத்திய வெற்றிலைப் பெட்டியைக் கேட்டபோது அவருடைய மகன் சொன்னதை அக்கா பலமுறை எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறார்.

"எங்கப்பா இன்னும் உசுரோட கீறாரும்மா. அவரு பொட்டிய செத்த காலேஜுக்குக் குடுன்னு கேக்கறீங்களே, வாய் வெச்சா பலிச்சிரும்."

அந்த வாசலோடு நிற்கவில்லை. எந்த வீட்டிலும் இதே பேச்சுத்தான். பாட்டன் காலத்துப் பூட்டு கூட இருக்கிறவருக்கு ஆகாது என்று பெட்டிக்குள் போய்விட்டது. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாதவர்கள் புதிதாகச் சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள், அதில் தங்கள் கடைப் பெயரைப் பெரிதாக அச்சடித்து. களம்பூர் ரைஸ்மில் முதலாளி ஒருவர் கொடுத்ததுதான் இருப்பதிலேயே பெரியது. டெலிபோன் பலகையைச் சுற்றிலும் மாட்டிய கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்கள் கடிகாரக் கடை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனதும் உண்டு.

என் மாமனார் காலமானதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அவர் பக்கவாதத்தில் படுத்து, கடைக்குப் பின்னாலிருந்த நூல் வைக்கும் அறையில் கடைசிக் காலத்தைக் கழித்தார். பேச்சு வராததால் கையில் ஒரு பித்தளை மணியைக் கொடுத்திருந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய கட்டில், மெத்தை, மணி எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். முன்பெல்லாம் ஆற்றங்கரையில் போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இப்போது கேட்டு யாரும் வருவதில்லை. என் மாமியார்தான் சொன்னார், அதான் உன் அக்கா செத்த காலேஜ் வெச்சிக்கினு கீறாளே, அங்க அனுப்பிடு என்று. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. செத்தவர்களுடைய பொருளை வாங்கிக்கொள்வதற்காகத்தான் அக்கா அதை நடத்துகிறார் என்று உண்மையாகவே நம்பினார்.

எங்கள் வீடு செய்தால் கடைத்தெருவே செய்யும். அன்றிலிருந்து ஆரணியில் எந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தாலும் மறுநாள் ஒரு வண்டி சாயப்பட்டறை வாசலில் வந்து நின்றது. கட்டில், ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, பல்செட், டிரான்சிஸ்டர், காது கேட்கும் மிஷின். வந்தவர்கள் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மயானத்திலிருந்து திரும்பும்போதும் அப்படித்தானே திரும்பிப் பார்க்காமல் நடப்போம், அதே நடை. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடு அக்கா, அசிங்கமாக இருக்கிறது என்று நான் மன்றாடினேன்.

"வந்த போன் காலை நான் கட் பண்ண மாட்டேன் பாப்பா. உயிரோட கீறவங்க தருவாங்கன்னு பார்த்தேன், தரல. இப்படியாவது வருதே."

வேண்டாம் என்று சொல்லாததோடு, பொருள் கொண்டுவந்தவர்களை நிறுத்தி, இதை அவர் எப்படி வைத்திருந்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்டுக்கொள்வார். கேட்டதை ஓர் அட்டையில் எழுதிப் பொருளோடு நூலால் கட்டிவிடுவார். என்ன பொருள், யாருடையது, எப்படி வந்தது. இந்த மூன்றும் இல்லாமல் எந்த அட்டையும் இருக்காது. அழகுபடுத்தி எழுதத் தெரியாது அவருக்கு. சொன்னதைச் சொன்னபடியே அந்தப் பக்கம் சொல்வதுதான் ஆபரேட்டர் வேலை என்பார்.

பொருள் சேர்ந்தது. ஆள்தான் வரவில்லை. உள்ளே போய்வந்தால் தீட்டு, தலைக்குக் குளிக்க வேண்டும் என்று பேச்சுக் கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர ஒப்புக்கொண்ட ஆசிரியர்களும், பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா இதற்கும் ஒரு யோசனை செய்தார். வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சொம்பும் வைத்தார். போகும்போது கால் கழுவிக்கொண்டு போகட்டும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும் என்றார். தொட்டியும் சொம்பும் வந்தபிறகு அந்த இடம் சாவு வீடு மாதிரியே ஆகிவிட்டது. அக்காவுக்கு ஊரிலுள்ள எல்லாருடைய குரலும் தெரியும், ஊர் மனசு மட்டும் தெரியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த நேரத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

கூரை ஓடு பெயர்ந்து மழைக்கு ஒழுக ஆரம்பித்தது. அறக்கட்டளைக்காரர்களும் கட்டடத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பவர்லூம் போட ஓர் ஆள் தயாராக இருக்கிறார், அரசாங்க உதவி வாங்கி நீங்கள் முறையாக நடத்துவதானால் விட்டுவைக்கிறோம், இல்லையென்றால் காலி செய்துகொடுங்கள் என்றார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்கா திருவண்ணாமலைக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஊர்மக்கள் பங்கெடுத்துக்கொள்கிற இடமாக இருந்தால்தான் அரசுப் பணம் ஒதுக்க முடியும், ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், ஊர் ஆதரவு இருக்கிறதென்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஆக, அந்த ஒரு நாள் ஊர் வந்து நின்றால் அருங்காட்சியகம் பிழைக்கும். வராவிட்டால் பவர்லூம்.

அக்கா ஒரு வீடு விடாமல் போய்க் கூப்பிட்டார். கடைக்காரர்கள், மேஸ்திரிகள், தறிக்குப் பாவு நூல் போடுகிறவர்கள், வெம்பாக்கம் பக்கத்திலிருந்து இங்கே பெண் கொடுத்த சம்பந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். ஒன்றும் கொடுக்க வேண்டாம், வந்து நின்னா போதும் என்றுதான் கேட்டார். வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்காதவர் அப்படிக் கேட்டதாலோ என்னவோ, அன்று ஊர் வந்தது. சத்தியமாக வந்தது. நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். முகூர்த்தத்துக்கு வருவதைப் போலப் பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மாமியாரும் வந்தார். என் வீட்டுக்காரர் சம்பந்தி வீட்டாரையும் அழைத்துவந்தார். என் மகளை அவர்கள் வீட்டில் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்த சமயம் அது. அக்கா வெள்ளைப் புடவையில் சின்னக் கரை போட்டதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் பேர் சொல்லி வரவேற்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. எனக்கும் அன்று முதன்முறையாக அக்காவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். சாயம் ஏறிய சுவரைப் பார்த்து இதுவே அழகாக இருக்கிறதே என்றார். டெலிபோன் பலகையின் துளையில் கயிறு செருகிப் பார்த்தார். கூட்டமும் அவர் பின்னாலேயே நகர்ந்தது. நான் டீத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். ஊர்க்காரர்கள் உள்ளே வந்ததே அன்றுதான் என்பதால், அட்டைகளைப் படித்ததும் அன்றுதான்.

சம்பந்தியம்மா கொஞ்சம் படித்தவர். ஓர் அட்டையின் முன் நின்று வாய்விட்டே படித்தார். பித்தளை மணி. இன்னார் கடையின் பெரியவருடையது. கடைசிக் காலத்தில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இதை அடிப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வந்தது.

அது என் மாமியார் சொன்ன வார்த்தைதான். "யாரையாவது கூப்பிடணும்னா அடிப்பாரு" என்று மணியைக் கொடுத்தபோது அவர் சொன்னதை அக்கா மாற்றாமல் எழுதியிருந்தார். சொன்னபோது அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. எழுதிக் கட்டித் தொங்கவிட்டு, சம்பந்தி வீட்டார் எதிரில் படித்தபோதுதான், அந்த 'யாரையாவது' எங்கள் எல்லாரையும் வந்து அடித்தது. பெரிய பங்களாவில் இத்தனை பேர் இருந்தும் அந்த மனிதர் கடைப் பின்னறையில் யாராவது வருவார்களா என்று மணியடித்துக்கொண்டு கிடந்தார் என்பது கூடத்திலிருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சம்பந்தியம்மா படித்து முடித்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

என் வீட்டுக்காரர் நூலை அறுத்து மணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மணி சும்மா இருக்குமா? அடிக்கு அடி ஒலித்தது. அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பையைக் கையால் அழுத்திக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தார், மணி இன்னும் வேகமாக அடித்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. டீத் தட்டைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.

ஒருவர் எடுக்கிற வரைதான் தயக்கம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் அட்டையைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பாவின் கண்ணாடி ஒரு பாக்கெட்டுக்குள் போனது. ஊன்றுகோலைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துப்போனார் ஒரு மருமகள். மாட்டுத் தொழுவத்தில் கட்டில் போட்டுத் தந்தார்கள் என்று எழுதியிருந்த ஒரு கட்டிலை இரண்டு மகன்கள் தூக்கினார்கள். ஏதோ ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று நினைத்த அதிகாரி, கதவின் இன்னொரு பாதியைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா யாரையும் தடுக்கவில்லை. பார்த்துப்பா, வாசக்கால் இடிக்கும், கொஞ்சம் சாய்ச்சிக்கோ என்று கட்டில்காரர்களுக்கு வழி சொன்னார். போகிறபோது சிலர் பழக்கதோஷத்தில் தொட்டியில் கால் கழுவிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் டெலிபோன் பலகையும் கடிகாரங்களும் நின்றன. தரை முழுக்க அறுந்த நூலும் அட்டைகளும். அதிகாரி குனிந்து ஓர் அட்டையை எடுத்துப் படித்தார்.

"ஊர் ஆதரவு இருக்குதான்னு பார்த்து எழுதச் சொன்னாங்கம்மா. இதை நான் என்னன்னு எழுதறது?"

"பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுங்க சார்" என்றார் அக்கா.

அவர் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. பணம் வரவில்லை. அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அன்று மாலை அட்டைகளைப் பொறுக்கி அடுக்கும்போது அக்கா என்னிடம் கேட்டார், நான் எழுதினதுல எதுனா பொய் இருக்குதா பாப்பா என்று. இல்லை அக்கா என்றேன். அப்புறம் ஏன் எடுத்துகினு போனாங்க என்று கேட்டார். ஊரை அவமானப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எள்ளளவும் இருந்ததில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. உண்மையாக இருந்ததால்தான் அக்கா என்று சொல்ல எனக்கு அப்போது நாக்கு எழவில்லை.

எடுத்துப்போன பொருள்களையாவது வீட்டில் வைத்துக் கும்பிட்டோமா? வீட்டில் வைக்கக் கூடாத பொருளாயிற்றே. சில நாள் கழித்து அக்கா ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போனபோது கமண்டல நாகநதியின் மணலில் அந்தக் கட்டில் கிடந்திருக்கிறது. ஊன்றுகோல்களும் டிரான்சிஸ்டரும் கிடந்திருக்கின்றன. சிலவற்றில் நூல்கூட அப்படியே இருந்ததாம். எங்கள் மணி மட்டும் பரணில் இருக்கிறது. வெண்கலப் பாத்திரங்களுக்கு நடுவில் துணி சுற்றிக் கிடக்கிறது, அடிக்காமல் இருப்பதற்காக.

சாயப்பட்டறையில் பவர்லூம் ஓடத் தொடங்கியது. டெலிபோன் பலகை எங்கிருந்து வந்ததோ அதே காயலான்கடைக்குத் திரும்பிப் போனது. கடிகாரங்களைக் கொடுத்தவர்கள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மட்டும் யாருக்கும் தீட்டு இல்லை. ஹெட்செட்டை மட்டும் அக்கா வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் எந்த வீட்டுக்கும் பொருள் கேட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவார், பின்வரிசையில் உட்காருவார், சாப்பிட்டுவிட்டுப் போவார். என் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். செத்த காலேஜ்காரி என்று பெண்கள் பேசிக்கொண்டதை நானே கேட்டேன். அக்காவின் காதுக்கு எந்தக் குரலும் தப்பாது என்பதால் அவரும் கேட்டிருப்பார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வேலூருக்கு அழைத்துக்கொண்டு அலைந்தோம். இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருடைய வீட்டிலேயே கட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டோம். இந்த ஒன்றில் மட்டும் நான் தலை நிமிர்ந்து சொல்ல முடியும். மணி எதுவும் கையில் கொடுக்கவில்லை, பக்கத்திலேயே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களில் சிலர் பார்க்க வந்திருந்தீர்கள். என் வீட்டுக்காரரும் இருந்தார். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து ஹெட்செட்டை எடுத்தார். அதன் வயர் எப்போதோ அறுந்துபோயிருந்தது. கட்டிலைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இதை யாராவது வெச்சிக்கோங்க. உயிரோட இருக்கும்போதே என் கையால தரேன்."

ஐயோ அப்படியெல்லாம் பேசாதீங்க என்று ஒருவர் சொன்னார். நல்லாகி எழுந்து நடப்பீங்க என்றார் இன்னொருவர். உயிரோடு இருக்கிறவர் பொருள் கைமாறினால் ஆகாது என்று ஊரெல்லாம் சொன்ன அதே சொல்தான். அப்போது அது எங்கள் வாயிலிருந்து அன்பாக வந்தது. யாரும் கை நீட்டவில்லை. அவர் ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டது இந்த ஒன்றைத்தான், உயிரோடு இருக்கிற ஒருவர் இன்னொருவர் கையில் மனசாரக் கொடுப்பதை. யாரும் கொடுக்காததால் கடைசியில் அவரே கொடுத்தார். அது எனக்கு விளங்குவதற்குள் அக்காவின் கை தளர்ந்து ஹெட்செட் மெத்தைமேல் இறங்கிவிட்டது. சரி, பரவாயில்ல, லைன்ல யாரும் இல்ல போல என்று சொல்லி அவர் சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அக்காவின் கட்டிலையும் துணிமணியையும் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே, இதென்ன பேஜாரு, எல்லாத்தையும் வண்டியில ஏத்தி அந்தச் செத்த காலேஜுக்கு அனுப்பிடுங்க என்றார். வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரே வாயை மூடிக்கொண்டார். கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தோம், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் நோய்க்காலத்தில் ஆட்டோ ஓட்டி உதவிய பக்கத்துத் தெருத் தம்பிக்கும், வேலூரில் தங்க இடம் கொடுத்த சிநேகிதிக்கும், பலகையை இரண்டு முறையும் மரியாதையாகவே கையாண்ட காயலான்கடை பாய்க்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. அன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்ட அந்த அதிகாரி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இந்த மலரை அச்சடித்துத் தந்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி. எழுதியதை முழுக்கப் படித்துவிட்டு, என் பேரைப் போடல இல்ல என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப இருக்கட்டும், ஒண்ணையும் எடுக்காதே என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறோம். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள். கால் கழுவ வேண்டியதில்லை. மேசைமேல் ஒரு பொருளும் ஓர் அட்டையும் இருக்கும். அட்டையை அக்கா எழுதுகிற முறையிலேயே எழுதிப் பார்த்தேன்.

டெலிபோன் ஆபரேட்டர் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்.

எங்கள் அக்காவுடையது.

உயிரோடு இருந்தபோது தன் கையால் கொடுத்தார். நாங்கள் வாங்கவில்லை.